தண்டுவடத்தின் அடிப்பகுதி: அமைப்பும் நோய்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், நீலசந்திரா போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் முதுகு, இடுப்பு, கால் நரம்பு தொடர்பாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஸ்கேன் அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. மருத்துவமனையில் பேச்சு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கிறது. வீட்டுக்கு வந்தபின் அதைப் பெரியவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் படிக்கிற பிள்ளையின் தலையில் விழுகிறது. அந்தப் பிள்ளைக்குப் பயன்படும் வகையில் விடைகள் அமைந்துள்ளன. நோயாளியை நேரில் பரிசோதித்த மருத்துவர் சொல்வதற்கு இவை மாற்று ஆகா.

தண்டுவடம் எந்த இடத்தில் முடிகிறது?

மூளையிலிருந்து முதுகெலும்புத் தொடருக்குள் இறங்கும் நரம்புத் தண்டுதான் தண்டுவடம். வளர்ந்தவர்களுக்கு அது முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கின், அதாவது மெத்தை போன்ற தட்டின், உயரத்தில் முடிகிறது. கடைசி விலா எலும்பு முதுகோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே என்று கொள்ளலாம். ஆண்களின் தண்டுவடம் சுமார் 45 செ.மீ. நீளமும், பெண்களின் தண்டுவடம் அதைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைந்த நீளமும் உடையது. முதுகெலும்புத் தொடரோ ஆண்களில் ஏறக்குறைய 70 செ.மீ. இருக்கும். முடியும் இடம் எல்லோருக்கும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை. சிலருக்கு 12ஆம் மார்பு முள்ளெலும்பிலேயே முடிந்துவிடும். வேறு சிலருக்கு 3ஆம் இடுப்பு முள்ளெலும்பு வரை இறங்கியிருக்கும்.

தண்டுவடம் வால் எலும்பு வரை ஓடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கீழே வரும் ஊசி, ஸ்கேன், அவசர அறுவை சிகிச்சை பற்றிய விடைகள் எல்லாம் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது என்ற உண்மையைப் பொறுத்தவை என்பதால், முதலில் இதை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

எலும்பு கீழே வரை இருக்கும்போது தண்டுவடம் மட்டும் ஏன் முன்னதாக முடிகிறது?

கருவின் மூன்றாம் மாதம் வரை இரண்டும் ஒரே நீளமாகத்தான் இருக்கின்றன. அதற்குப் பிறகு எலும்புத் தொடர் வேகமாக நீள்கிறது. தண்டுவடம் மெதுவாக நீள்கிறது. தண்டுவடத்தின் மேல்முனை மூளையோடு பிணைந்திருப்பதால் அதன் கீழ்முனைதான் எலும்பை ஒப்பிடுகையில் மேலேறிக்கொண்டே போகிறது. குழந்தை பிறக்கும் நேரத்தில் அது 2ஆம், 3ஆம் இடுப்பு முள்ளெலும்புகளின் அருகில் இருக்கும். பிறந்த சில மாதங்களுக்குள் பெரியவர்களுக்கு இருக்கும் உயரத்தை ஏறக்குறைய அடைந்துவிடும். பச்சிளம் குழந்தைக்கு முதுகில் நீர் எடுக்கும்போது பெரியவர்களைவிடக் கீழான இடத்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான்.

கோனஸ், குதிரைவால் நரம்புக்கற்றை, ஃபைலம் ஆகியவை என்ன?

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் புறப்படுகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, இடுப்புக்குக் கீழுள்ள சேக்ரப் பகுதியில் 5, வால் எலும்பில் 1. கால்களுக்கான நரம்பணுக்கள் திரண்டிருக்கும் இடத்தில் தண்டுவடம் சற்றுப் பருத்திருக்கும். 9 முதல் 12 வரையிலான மார்பு முள்ளெலும்புகளின் உயரத்தில் உள்ள இப்பகுதி இடுப்புப் புடைப்பு எனப்படும். அதற்குக் கீழே தண்டுவடம் கூம்பாகக் குறுகி முடிகிறது. அந்தக் கூம்புதான் கோனஸ் மெடுல்லாரிஸ். ஓர் இணை நரம்பு புறப்படும் தண்டுவடத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு கண்டம் எனப்படும். சிறுநீர், மலம், பாலுறவு ஆகியவற்றை ஆளும் சேக்ரக் கண்டங்கள், அதாவது எஸ்-2 முதல் எஸ்-4 வரை, இந்தக் கடைசி ஓரிரு அங்குலத்துக்குள் அடங்கியுள்ளன. இவ்வளவு சிறிய இடத்துக்குள் இவ்வளவு பொறுப்பு நெருங்கிக் கிடப்பதால், இங்கே ஏற்படும் சிறு காயமும் பெரும் இழப்பைத் தரக்கூடும்.

கோனஸுக்குக் கீழே தண்டுவடம் இல்லை. நரம்பு வேர்கள் மட்டும் உள்ளன. ஒவ்வொரு வேரும் தனக்குரிய எலும்புத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். துளைகளோ எலும்பின் வளர்ச்சியோடு கீழே போய்விட்டன. ஆகவே வேர்கள் முதுகெலும்புக்குள் உள்ள கால்வாயில் செங்குத்தாக நெடுந்தூரம் இறங்குகின்றன. அப்படி இறங்கும் வேர்களின் திரள்தான் குதிரைவால் நரம்புக்கற்றை. அறிக்கைகளில் காடா எக்வைனா என்று இருக்கும். கோனஸின் நுனியிலிருந்து ஏறக்குறைய 20 செ.மீ. நீளமுள்ள மெல்லிய இழை ஒன்றும் வால் எலும்பு வரை செல்கிறது. ஃபைலம் டெர்மினேல் எனப்படும் அது தண்டுவடத்தைக் கீழே நங்கூரமிட்டு நிறுத்தும் இழை. அதில் கட்டளையோ உணர்வோ பயணிப்பதில்லை.

இவை எல்லாவற்றையும் சுற்றியுள்ள உறை, தண்டுவடம் முடிந்தபின்னும் 2ஆம் சேக்ர முள்ளெலும்பு வரை தொடர்கிறது. தண்டுவடத்தின் நுனிக்கும் உறையின் அடிக்கும் இடையே மூளைத் தண்டுவட நீர் நிரம்பிய ஒரு தொட்டி இருக்கிறது என்று பொருள். ஊசிகள் போடப்படுவது அந்தத் தொட்டியில்தான்.

இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வந்தது. கால் பலவீனம் மட்டும் அதிகமாகிக்கொண்டே போகிறது. எப்படி?

முள்ளெலும்பின் எண்ணும் தண்டுவடக் கண்டத்தின் எண்ணும் கீழே போகப் போக விலகிக்கொண்டே போவதுதான் இதற்குப் பல நேரங்களில் விடை. 10ஆம் மார்பு முள்ளெலும்பின் உயரத்தில் தண்டுவடத்தின் 1ஆம், 2ஆம் இடுப்புக் கண்டங்கள் இருக்கின்றன; 11ஆம் எலும்பின் உயரத்தில் 3, 4; 12ஆம் எலும்பின் உயரத்தில் 5ஆம் இடுப்புக் கண்டமும் சேக்ரத்தின் தொடக்கமும்; முதலாம் இடுப்பு எலும்பின் உயரத்தில் மீதமுள்ள சேக்ரக் கண்டங்கள் அனைத்தும். காலை அசைக்கும் நரம்பணுக்கள் விலா எலும்புகளின் மட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இடுப்பை மட்டும் படம்பிடித்தால் அவை படத்துக்கு வெளியே போய்விடக்கூடும், அல்லது மேல் ஓரத்தில் அரைகுறையாகத் தெரியக்கூடும். மார்பு மட்டத்தில் வளரும் கட்டியோ, அங்குள்ள எலும்புக் காசநோயோ காலில்தான் முதலில் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

இதைப் பரிசோதனையிலேயே ஊகிக்க வழி உண்டு. தண்டுவடமே பாதிக்கப்பட்டால், நாளடைவில் கால் விறைப்பாகும். முழங்காலில் தட்டினால் துள்ளல் மிகும். உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேல்நோக்கி எழும். நரம்பு வேர்கள் மட்டும் பாதிக்கப்பட்டால் கால் தளர்ந்திருக்கும், துள்ளல் குறையும், தசை மெலியும். விறைத்த காலோடு வரும் ஒருவருக்கு இடுப்பை மட்டும் படமெடுத்து அனுப்பிவிடுவது போதாது. மார்புப் பகுதியையும், தேவைப்பட்டால் கழுத்தையும் பார்க்க வேண்டும். ஸ்கேன் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டும் குடும்பங்களுக்கு இது கூடுதல் சுமைதான். எனினும், தவறான இடத்தைப் படமெடுக்கச் செலவிட்ட பணத்தை விட வீணான செலவு வேறில்லை. படத்துக்கு முன்பே எந்த மட்டம் என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவதில் தவறேதும் இல்லை.

சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் வாழ்நாள் முழுவதும் இடுப்பு வலி என்கிறார்களே?

தமிழ் வீடுகளில் இந்த நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மாமியார் மருமகளுக்குச் சொல்ல, அவர் தம் மகளுக்குச் சொல்ல, தலைமுறை தாண்டி வருகிறது. இரண்டு இடுப்பெலும்புகளின் மேல்விளிம்புகளையும் இணைத்து முதுகின் குறுக்கே ஒரு கோடு போட்டால் அது 4ஆம் இடுப்பு முள்ளெலும்பின் அருகே செல்லும். மயக்க மருத்துவர் அந்தக் கோட்டை விரலால் தடவி அறிந்து, 3ஆம் 4ஆம் எலும்புகளுக்கு இடையிலோ 4ஆம் 5ஆம் எலும்புகளுக்கு இடையிலோ ஊசியைச் செலுத்துகிறார். தோல், கொழுப்பு, எலும்புகளை இணைக்கும் தசைநார்கள், உறை ஆகியவற்றைத் தாண்டி ஊசி நீர்த்தொட்டியை அடைகிறது. அந்த மட்டத்தில் தண்டுவடம் இல்லை. நரம்பு வேர்கள் தண்ணீரில் கிடக்கும் சேமியா இழைகளைப் போல மிதப்பதால், ஊசி முனை பட்டால் பெரும்பாலும் விலகிக்கொள்கின்றன.

ஊசி குத்திய இடத்தில் சில நாட்கள் நோவு இருக்கலாம். நீண்டநாள் இடுப்பு வலிக்கு இந்த ஊசி காரணம் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. இயல்பான பிரசவம் ஆனவர்களிலும் அதே வலி பரவலாக இருக்கிறது. கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்கள், மெலிந்த வயிற்றுத் தசை, குழந்தையைத் தூக்கியும் குனிந்து பாலூட்டியும் கழியும் மாதங்கள் ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. வலியை ஊசியின் மேல் சுமத்திவிட்டு உடற்பயிற்சியைத் தொடங்காமல் இருப்பதுதான் இந்த நம்பிக்கையால் விளையும் உண்மையான கேடு.

ஊசியால் வரக்கூடிய தொல்லை ஒன்று உண்டு. உறையில் விழுந்த சிறு துளை வழியாக நீர் கசிந்தால், எழுந்து உட்கார்ந்தவுடன் கூடி, படுத்தவுடன் குறையும் தலைவலி வரும். இந்த முறையில் முதன்முதலில் அறுவை சிகிச்சைக்கு மயக்கமளித்த ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், 1898இல் தம் மீதே சோதனை செய்துகொண்டபோது இந்தத் தலைவலியைத் தாமே அனுபவித்தார். இப்போது பயன்படும் மெல்லிய, பென்சில் முனை ஊசிகளால் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. வந்தாலும் பெரும்பாலும் தானே தணியும். தணியாதவர்களுக்கு அவர்களுடைய சொந்த இரத்தத்தையே உறைக்கு வெளியே செலுத்தி அந்தத் துளையை அடைக்கும் சிகிச்சை இருக்கிறது.

மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்து முதுகில் நீர் எடுக்கச் சம்மதம் கேட்கிறார்கள். கால் செயலிழந்துவிடாதா?

மேலே சொன்ன அதே இடைவெளியில்தான் இதற்கும் ஊசி செல்கிறது. தண்டுவடத்தில் குத்தும் அபாயம் அங்கே இல்லை. ஹைன்ரிஷ் குவின்கே 1891இல் அறிமுகப்படுத்திய முறை இது. ஒரு நாளைக்கு உடல் சுமார் 500 மி.லி. மூளைத் தண்டுவட நீரை உண்டாக்குகிறது. எந்நேரமும் இருப்பில் இருப்பது 150 மி.லி. அளவு. பரிசோதனைக்கு எடுக்கப்படும் சில மி.லி. நீரைச் சில மணி நேரத்துக்குள் உடல் ஈடுசெய்துவிடும். குடும்பத்தார் தயங்கித் தயங்கிக் கையெழுத்திடுவதற்குள் பாக்டீரியா மூளைக்காய்ச்சலின் சிகிச்சை தள்ளிப்போனால், ஊசியைவிட அதுவே பலமடங்கு ஆபத்தானது. காசநோய்க் கிருமியா, வைரஸா, வேறு பாக்டீரியாவா என்பதைப் பிரித்தறிய இந்த நீரைவிட நம்பகமான சாட்சி வேறில்லை.

மூளையில் கட்டியோ கடும் வீக்கமோ இருந்து மண்டைக்குள் அழுத்தம் மிகுந்திருந்தாலும், இரத்தம் உறையாத நிலை இருந்தாலும், குத்தும் இடத்தில் சீழ்ப்புண் இருந்தாலும் நீர் எடுப்பதை ஒத்திவைப்பார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அறிக்கையில் எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ் என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்தச் சொல்லை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வலியே இல்லாதவர்களைப் படமெடுத்தாலும் நடுத்தர வயதில் பலருக்கு டிஸ்க் புடைத்திருப்பது தெரியும். படத்தில் தெரிவதும் காலில் உணர்வதும் ஒரே நரம்பைச் சுட்டினால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. இடுப்புப் பகுதியில் பக்கவாட்டாகப் பிதுங்கும் டிஸ்க் பொதுவாக அடுத்த எண்ணுள்ள வேரையே அழுத்தும்: 4ஆம் 5ஆம் எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் 5ஆம் இடுப்பு வேரையும், 5ஆம் எலும்புக்கும் சேக்ரத்துக்கும் இடையிலுள்ள டிஸ்க் முதலாம் சேக்ர வேரையும் அழுத்துகின்றன. முன்னதில் பாதத்தின் மேற்புறமும் கட்டைவிரலும் மரத்துப்போகும்; கட்டைவிரலை மேலே தூக்கும் வலு குறையும்; செருப்பு காலிலிருந்து நழுவுவதாகச் சிலர் சொல்வார்கள். பின்னதில் சுண்டுவிரல் பக்கம் மரத்து, குதிகாலில் தட்டும்போது வரும் துள்ளல் மறையும்; முன்பாதத்தில் ஊன்றி எழ முடியாது. 4ஆம் இடுப்பு வேர் பாதிக்கப்பட்டால் முழங்கால் துள்ளல் குறையும்.

இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் இத்தகைய வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அறுவை சிகிச்சை இல்லாமலேயே தணிகிறது. நாள்கணக்கில் படுத்தே கிடப்பது உதவாது. இயன்ற அளவு நடமாடுவதே நல்லது. ஆனால் அடுத்த கேள்வியில் சொல்லப்படும் அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் காத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

இடுப்பு வலியில் எப்போது அதே இரவில் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

வலியின் கடுமையை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. பெரிய டிஸ்க் துண்டு ஒன்று கால்வாயின் நடுப்பகுதிக்குள் பிதுங்கி, குதிரைவால் நரம்புக்கற்றை முழுவதையும் நசுக்கும்போது ஏற்படும் நிலையே உண்மையான அவசரம். அதன் அறிகுறிகள் வருமாறு: சிறுநீர் கழிக்கத் தொடங்க முடியாமை, அல்லது சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பதே தெரியாமை, பிறப்புறுப்பு, ஆசனவாய், தொடைகளின் உட்புறம் ஆகிய இடங்களில் மரப்பு, மலம் தன்னையறியாமல் கசிதல், இரண்டு கால்களிலும் ஒருங்கே வலியோ பலவீனமோ, பாலுறவு உணர்வில் திடீர் மாற்றம். இவையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும் வரை காத்திருக்கக் கூடாது. ஒன்று வந்தாலே போதும்.

இந்த அறிகுறிகளை நம் மக்கள் வாய்திறந்து சொல்வதில்லை. கால் வலியை விரிவாகச் சொல்லும் பெரியவர், கழுவும்போது கை படுவதே தெரியவில்லை என்பதை மகளிடமோ பேரனிடமோ சொல்லக் கூசுகிறார். கூட வருபவர் இளையவராக இருந்து, அவரே மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கும்போது இந்தக் கூச்சம் இருமடங்காகிறது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நோயாளியே இதைச் சொல்ல வேண்டும். கன்னடத்தில் சொல்ல வேண்டி வந்தால், "மூத்ர ஹோக்தா இல்ல" என்றும் "கூரோ ஜாக மரகட்டிதெ" என்றும் சொன்னாலே அவசரப் பிரிவில் இருப்பவருக்கு விஷயம் விளங்கிவிடும். முதலாவது சிறுநீர் போகவில்லை என்பது. இரண்டாவது உட்காரும் இடம் மரத்துவிட்டது என்பது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. சிறுநீர்ப்பை உணர்விழந்து நிரம்பி வழியும்போது சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் வந்துகொண்டிருக்கும். சிறுநீர் போகிறதே என்று வீட்டார் நிம்மதி அடைந்துவிடுவார்கள். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மீந்திருக்கிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 200 மி.லி.க்கு மேல் தங்கியிருந்தால் ஐயம் வலுக்கிறது. உடனே எம்.ஆர்.ஐ. எடுத்து, நசுக்கல் உறுதியானால் தாமதமின்றி அறுவை சிகிச்சை செய்து அழுத்தத்தை அகற்ற வேண்டும். 48 மணி நேரம் என்ற கணக்கு மருத்துவ நூல்களில் அடிபடும். அதை அதுவரை காத்திருக்கலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீர் முற்றிலும் அடைபடுவதற்கு முன்பே அழுத்தம் நீங்கியவர்களுக்குத்தான் பையின் கட்டுப்பாடு திரும்பும் வாய்ப்பு மிகுதி.

பெங்களூரில் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸில் நரம்பியல் அவசரப் பிரிவு இரவிலும் இயங்குகிறது. பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் முதுகெலும்பு அறுவை சிகிச்சை வசதி உண்டு. எம்.ஆர்.ஐ.யும் அறுவை சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் இடத்துக்கு நேராகச் செல்வது, தெருமுனை கிளினிக்கில் வலி ஊசி போட்டுக்கொண்டு விடியும்வரை பார்ப்பதைவிட மேல்.

கோனஸ் பாதிப்பும் குதிரைவால் பாதிப்பும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் இரண்டும் ஒட்டிக் கிடப்பதால் பல நேரங்களில் கலந்தே வரும். கோனஸ் பாதிக்கப்பட்டால் தொல்லை திடீரென்று தொடங்கும், இரு பக்கமும் சமமாக இருக்கும், சிறுநீர்க் கட்டுப்பாடு தொடக்கத்திலேயே போய்விடும். கால் வலி அவ்வளவாக இராது. குதிரைவால் பாதிப்பில் வேர்வலி கடுமையாக இருக்கும், ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் காணப்படும், சிறுநீர்த் தொல்லை சற்றுப் பின்னால் வரலாம். நரம்பு வேர்கள் புற நரம்புகளின் இனத்தைச் சேர்ந்தவை என்பதால் மீளும் ஆற்றல் அவற்றுக்குச் சற்று அதிகம். தண்டுவடத் திசுவான கோனஸுக்கு அது குறைவு.

சாரத்திலிருந்து விழுந்தவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்து பெங்களூரின் கட்டட வேலைகளில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய விடை இது. விலா எலும்புகளால் இறுகக் கட்டப்பட்ட மார்புப் பகுதி, தடையின்றி வளையும் இடுப்புப் பகுதியோடு சேரும் இடம் 12ஆம் மார்பு எலும்பும் முதலாம் இடுப்பு எலும்பும். உயரத்திலிருந்து குதிகாலிலோ பிட்டத்திலோ விழும்போது விசை முழுவதும் அந்தச் சந்தியில் குவிந்து எலும்பு நொறுங்குகிறது. கோனஸ் இருப்பதும் அதே உயரத்தில்தான்.

விழுந்தவரைத் தோளிலும் தொடையிலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைப்பதுதான் நாம் வழக்கமாகக் காணும் காட்சி. நொறுங்கிய எலும்புத் துண்டு அந்த வளைவில் தண்டுவடத்துக்குள் மேலும் புகக்கூடும். அவரைக் கிடந்த இடத்திலேயே விட்டு, 108ஐ அழைத்து, தலையும் உடலும் ஒரே கோட்டில் இருக்கும்படி மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் உருட்டி, கெட்டியான பலகையில் ஏற்ற வேண்டும். வேலையிடத்தில் ஒட்டுப்பலகைக்குப் பஞ்சம் இல்லை. குதிகால் எலும்பு உடைந்தவருக்கு முதுகையும் படமெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். காலின் வலியில் முதுகின் முறிவு மறைந்துபோவது உண்டு.

பெருந்தமனி அறுவை சிகிச்சைக்குப் பின் கால் செயலிழக்கலாம் என்று எச்சரித்தார்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு?

தண்டுவடத்தின் முன்பக்கம் ஒரு தமனியும் பின்பக்கம் இரண்டும் நெடுக ஓடுகின்றன. அடிப்பகுதியின் முன்தமனிக்கு இரத்தத்தின் பெரும்பங்கைத் தருவது, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாயான பெருந்தமனியிலிருந்து வரும் ஒரே ஒரு பெரிய கிளை. ஆடம்கீவிச் தமனி எனப்படும் அது பெரும்பாலோருக்கு இடப்பக்கத்தில், 9 முதல் 12 வரையிலான மார்பு எலும்புகளின் மட்டத்தில் நுழைகிறது. பெருந்தமனி வீக்கத்துக்கான அறுவை சிகிச்சையில் அந்தக் கிளை தடைபட்டால் தண்டுவடத்தின் முன்பகுதி பட்டினி கிடக்கிறது. கால்களின் அசைவும், வலி, சூடு, குளிர் உணர்வுகளும் போய்விடும். பின்பகுதி தப்புவதால் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வும் அதிர்வு உணர்வும் மிஞ்சும்.

குழந்தையின் இடுப்புக்குக் கீழே முடிக்கற்றை இருக்கிறது. மச்சம்தானே?

பிட்டப் பிளவுக்கு மேலே நடுக்கோட்டில் முடிக்கற்றை, கொழுப்புக் கட்டி, ஆழமான குழி, சிவந்த தழும்பு போன்றவை காணப்பட்டால் அதை அதிர்ஷ்டக் குறி என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே தண்டுவடம் கீழே கட்டுண்டு கிடப்பதன் வெளி அடையாளமாக அது இருக்கலாம். ஃபைலம் 2 மி.மீ.க்கு மேல் தடித்தாலோ, கொழுப்புக் கட்டியோடு ஒட்டிக்கொண்டாலோ கோனஸ் மேலேற முடியாமல் 2ஆம் இடுப்பு எலும்புக்குக் கீழே தங்கிவிடுகிறது. குழந்தை வளர வளரத் தண்டுவடம் இழுபடும்; நன்றாக நடந்த பிள்ளை தடுமாறும்; பாதம் வளையும்; படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றுபோன பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கும். முதல் சில மாதங்களில் எலும்பு முற்றாததால் அல்ட்ராசவுண்டிலேயே கோனஸைப் பார்க்கலாம், பிறகு எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகும் கருவின் நரம்புக் குழாய் 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. தாய் கருவுற்றதை அறியும் முன்பே பெரும்பாலும் அது முடிந்துவிடும். ஆகவே ஃபோலிக் அமிலத்தை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் கருத்தரிக்க முயலும் காலத்திலேயே தொடங்க வேண்டும். முன்பு இந்தக் குழாய் சரியாக மூடாத குறையுள்ள குழந்தை பிறந்திருந்தால் அதைப்போல் பத்து மடங்கு அளவு தேவை. அதை மருத்துவர் எழுதித் தருவார்.

முதுகெலும்புக் காசநோய் காலை முடக்குமா?

முடக்கக்கூடும். மார்பும் இடுப்பும் சேரும் பகுதி அதற்குப் பிடித்தமான இடங்களில் ஒன்று. வாரக்கணக்கில் தொடரும் முதுகு வலி, இரவில் கூடும் நோவு, மாலைக் காய்ச்சல், எடை குறைதல், முதுகில் கூன் போன்ற மேடு ஆகியவை தெரிந்தால் சாதாரண வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். எலும்புக்கு வழக்கமாக 12 மாதங்கள், தேவைப்பட்டால் அதற்கு மேலும் சாப்பிட வேண்டும். சீழும் நொறுங்கிய எலும்பும் தண்டுவடத்தை அழுத்தும் நிலையிலும் தக்க சிகிச்சையால் எழுந்து நடந்தவர்கள் ஏராளம் என்பதால், கால் தளர்ந்துவிட்டது என்று நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

சிகிச்சைக்குப் பின்னும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாவிட்டால்?

சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்யும் நரம்புகள் எஸ்-2 முதல் எஸ்-4 வரையிலிருந்து வருகின்றன. நிரம்பும்வரை அதைத் தளர்வாக வைத்திருப்பவை மார்பின் கீழ்க் கண்டங்களிலிருந்தும் இடுப்பின் மேல் கண்டங்களிலிருந்தும் வருகின்றன. கோனஸுக்கு மேலே தண்டுவடம் அறுபட்டால் பை தன் போக்கில் சுருங்கும். சிறுநீர் வெளியேறும் வாயை மூடும் வாயில்தசையும் அதே நேரத்தில் இறுகுவதால் உள்ளழுத்தம் ஏறிச் சிறுநீரகங்கள் கெடக்கூடும். கோனஸோ வேர்களோ பாதிக்கப்பட்டால் பை தொளதொளத்து நிரம்பிக்கொண்டே இருக்கும்.

இரண்டு நிலைகளிலும் பெரும்பாலோருக்கு உதவும் வழி, நாளில் நான்கைந்து முறை தாமே சுத்தமான மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு அதை எடுத்துவிடுவது. நிரந்தரமாகக் குழாயை மாட்டிக்கொண்டிருப்பதைவிட இதில் தொற்று குறைவு. வேலைக்குப் போகவும் முடியும். தொடக்கத்தில் அருவருப்பாகத் தோன்றும் இதைப் பலர் விரைவிலேயே பழகிக்கொள்கிறார்கள். நிம்ஹான்ஸின் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவு போன்ற இடங்களில் நோயாளிக்கும் வீட்டாருக்கும் இதைக் கற்றுத் தருகிறார்கள். உணர்வற்ற பிட்டத்தில் படுக்கைப்புண் வராமல் இருக்க, படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும்; சக்கர நாற்காலியில் இருப்பவர் கைகளை ஊன்றி அவ்வப்போது உடலைத் தூக்கிக்கொள்ள வேண்டும்; தோல் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.